கேமரன் மலைக்குப் போனால் எதைப் பார்ப்பது? தானா ராத்தா குடும்பப் பயணம் பற்றிய விவாதம்

செந்தூல்வாசி எழுதியது:

எங்கள் கோலாலம்பூர் வாசகர் வட்டம் வரும் பள்ளி விடுமுறையில் குடும்பங்களோடு கேமரன் மலைக்கு இரண்டு நாள் பயணம் போகவிருக்கிறது. பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்தால் ஒரு பேருந்து நிறைந்துவிடும். தங்குவது மலையின் முக்கிய ஊரான தானா ராத்தாவில். பேருந்து ஏற்பாட்டாளர் அனுப்பிய நிரலைப் பார்த்தேன். ஸ்ட்ராபெரித் தோட்டம், தேனீப் பண்ணை, கள்ளிச்செடிப் பண்ணை, கியா ஃபார்ம் சந்தை, தேநீர்க் கடை, இரவுச் சந்தை, மறுநாள் இன்னொரு ஸ்ட்ராபெரித் தோட்டம் என்று அது நீள்கிறது. இதை அப்படியே ஏற்கக் கூடாது என்பது என் கருத்து. என் காரணங்களை முன்வைக்கிறேன், மறுப்புள்ளவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

கேமரன் மலை நம் மக்களின் உழைப்பால் உருவான இடம். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இப்பகுதியை அளந்தார் என்றும், 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து இங்கே ஒரு மலைவாழிடம் அமைக்கலாம் என்றார் என்றும் வழிகாட்டி நூல்கள் சொல்கின்றன. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' (BOH) என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய கதையில், காட்டைத் திருத்தப் பயன்பட்ட பழைய நீராவி உருளைக்கும் கோவேறு கழுதைகளுக்கும் கூட இடம் இருக்கிறது. கன்று நட்டு, கொழுந்து கிள்ளி, கூடையைச் சுமந்து, ஆலையில் விடிய விடிய நின்ற தமிழர்களில் ஒருவருடைய பெயராவது அந்தக் கதையில் உண்டா? நம் பிள்ளைகள் அந்தத் தோட்டத்தின் தேநீரைக் குடித்து, பச்சைச் சரிவின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, அது யார் உண்டாக்கியது என்று தெரியாமலேயே திரும்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

சிலாங்கூரில் நம் தாத்தா பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட வழியில்லை. கேமரன் மலையில் மட்டும் தோட்டம் இன்னும் தோட்டமாகவே இருக்கிறது. ஆகவே என் திட்டம் இதுதான். முதல் நாள் தாப்பா சாலையில் ஏறி, ரிங்லெட்டில் பசியாறிவிட்டு, ஹாபு வழியாகத் தோட்டத்துக்குள் போக வேண்டும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களையும் கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் பார்த்து, அங்கே வாழும் பெரியவர்களைப் பேச வைக்க வேண்டும். மறுநாள் விடியற்காலையில் எல்லாரும் பிரிஞ்சாங் மலையின் பாசிக் காட்டுக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் சுங்கை பாலாஸ் தேயிலை ஆலையைக் காண வேண்டும். ஸ்ட்ராபெரித் தோட்டங்கள் வேண்டாம்.

மீரா, ஆயர் ஈத்தாம், எழுதியது:

செந்தூல்வாசி ஐயா, ஏற்பாட்டாளரின் நிரல் போதாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அதற்கு மாற்றாக நீங்கள் சொல்லும் திட்டத்தில் இரண்டு விஷயங்களை உறுதியாக எதிர்க்கிறேன். ஒன்று, லயங்களுக்குள் கூட்டமாகப் போவது. மற்றொன்று, விடியற்காலையில் ஒரு பேருந்து நிறைய ஆட்களைப் பாசிக் காட்டுக்குள் இறக்குவது.

என் அம்மா கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். வாசலில் துணி காயும்போதும், வேலை முடிந்து வந்து கால் கழுவும்போதும், முன்பின் தெரியாதவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து படம் எடுத்ததை இன்றும் மனவருத்தத்தோடு சொல்வார். வந்தவர்கள் யாரும் தீய எண்ணத்தோடு வரவில்லை, சிலர் பிள்ளைகளுக்கு இனிப்பும் கொடுத்தார்கள். ஆனால் உள்ளே வரலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. வறுமையில் வாழ்பவருடைய வீட்டு வாசலுக்கும் ஒரு மரியாதை உண்டு என்பது வருகிறவர் தமிழராக இருந்தால் மட்டும் மாறிவிடுமா? மேலும், இன்று அந்த வீடுகளில் இருப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் வாசலில் நின்று நம் தாத்தாவின் வரலாற்றைத் தேடுவது அவர்களுக்கும் நியாயமாகாது.

காட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிஞ்சாங் மலை 2,031 மீட்டர் உயரம், அதை அடுத்திருக்கும் ஈராவ் மலை 2,110 மீட்டர். அந்த உயரத்தில் மேகம் ஏறக்குறைய நாள்தோறும் மரங்களுக்குள் புகுந்து போகிறது. இலையிலும் கிளையிலும் அப்பியிருக்கும் பாசி அந்த மேகத்தின் ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகத் தரைக்கு இறக்குகிறது, ஆகவே மழை பெய்யாத நாளிலும் அந்தக் காடு தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. குளிராலும் ஈரத்தாலும் உதிர்ந்த இலைகள் மக்குவதற்கு நெடுங்காலம் ஆவதால், தரை நனைந்த பஞ்சைப் போல் ஆழமாகவும் மென்மையாகவும் கிடக்கிறது. மரங்கள் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே முறுக்கிக்கொண்டு நின்றுவிடுகின்றன. குடுவைச் செடிகள் அங்கே வளர்வதற்குக் காரணம் அந்தச் சத்துக் குறைந்த, அமிலத்தன்மையுள்ள மண்தான்.

இப்படிப்பட்ட தரையில் ஒருவர் அழுத்தி மிதித்த இடத்தில் நீர் தேங்குகிறது. அடுத்து வருபவர் சேற்றைத் தவிர்க்க ஓரத்தில் மிதிக்கிறார், அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் ஓரத்துக்குப் போகிறார், பாதை அகன்றுகொண்டே போய் வேர்கள் வெளியே வந்துவிடுகின்றன. ஈராவ் மலைக்கு ஏறும் பாதையில் முழங்கால் அளவு சேற்றைக் கண்டவர்களுக்கு இது தெரியும். மரப்பலகை நடைபாதை போட்டிருப்பது இதைத் தடுப்பதற்காகத்தான். பலகையில் நின்றாலும், ஒரு பேருந்துக் கூட்டம் ஒரே நேரத்தில் ஏறினால் படம் எடுப்பதற்காகச் சிலர் பலகையை விட்டுக் கீழே இறங்காமல் இருக்க மாட்டார்கள்.

தமிழர் குடியேற்ற வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் பினாங்கிலிருந்தே தொடங்கலாமே. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர்களில் எத்தனையோ பேர் ஜெரஜாக் தீவின் தனிமைப்படுத்தும் நிலையத்தில் இருந்த பிறகுதான் இந்த நாட்டின் கரையை மிதித்தார்கள். பினாங்குப் பாலத்தின் மேல் போகும்போது அந்தத் தீவு கண்ணுக்குத் தெரிகிறது. அதைப் பார்ப்பதற்கு யாருடைய வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை.

கதிர், பிரிக்பீல்ட்ஸ், எழுதியது:

நானும் இந்தப் பயணத்தில் குடும்பத்தோடு வருகிறவன் என்ற முறையில் மூன்றாவது பக்கத்தைச் சொல்கிறேன். அண்ணன் ஸ்ட்ராபெரியை வேண்டாம் என்கிறார், அக்கா லயத்தையும் காட்டையும் வேண்டாம் என்கிறார். முழங்கால் வலியுள்ள என் மாமியாரும் பள்ளித் தேர்வு முடித்த என் பிள்ளைகளும் மலையில் என்ன செய்வது என்பதை இருவருமே யோசிக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோலாலம்பூரின் புழுக்கத்திலிருந்து போகிற முதியவருக்கு அந்தக் குளிர்ந்த காற்றில் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து சூடான தேநீர் குடிப்பதே பெரிய நிறைவு. மலைவாழிடம் என்ற எண்ணமே அதற்காகத்தான் பிறந்தது. வெள்ளைக்காரத் துரைமார் மட்டும் அனுபவித்த அந்த ஓய்வு இன்று நம் பெற்றோருக்கும் கிடைக்கிறது என்றால், அதுவும் வரலாற்றில் நல்ல மாற்றம்தான். பிள்ளைகள் செடியிலிருந்து பழத்தைத் தாங்களே பறிக்கும் மகிழ்ச்சியைக் குறைவாக எண்ண வேண்டாம். அந்தப் பண்ணைகளை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன.

அண்ணன் தேடும் பழைய காலமும் அங்கேயே இருக்கிறது. பிரிஞ்சாங் பக்கம் ஸ்ட்ராபெரிப் பண்ணை ஒன்றை ஒட்டியே டைம் டன்னல் என்ற சிறிய அரும்பொருளகம் உள்ளது. பழைய முடிதிருத்தகம், காப்பிக் கடை, பீங்கான், சைக்கிள், கேமரன் மலையின் பழைய படங்கள் என்று பெரியவர்கள் நின்று நின்று பார்க்கும் பொருள்கள் அங்கே இருக்கின்றன.

நடைமுறையில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உள்ளன. தாப்பா சாலை குறுகலானது, வளைவுகள் மிகுந்தது, பிள்ளைகளுக்குக் குமட்டல் வரும். சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் சாலை அகலமானது. அடுத்து, சுங்கை பாலாஸிலிருந்து பிரிஞ்சாங் உச்சிக்கு ஏறும் ஒற்றைச் சாலைக்குப் பெரிய பேருந்து ஏற்றதன்று. அங்கே லேண்ட் ரோவர்களையோ சிறிய வேன்களையோ அமர்த்த வேண்டும், அது தனிச் செலவு. விடுமுறை நாளில் பிரிஞ்சாங்குக்கும் கியா ஃபார்முக்கும் இடையே வண்டிகள் நகராமல் நிற்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

செந்தூல்வாசி எழுதியது:

மீரா அவர்களே, உங்கள் தாயாருக்கு நேர்ந்ததைப் படித்து வருந்தினேன். அனுமதி கேட்காமல் ஒருவர் வீட்டு வாசலில் நிற்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் உங்கள் முடிவை ஏற்பதற்கில்லை. படம் எடுப்பவர்களும் தேநீர் குடிப்பவர்களும் ஆயிரக்கணக்கில் தோட்டத்துக்குள் போய்வரலாம், அந்த மண்ணோடு உறவுள்ள நாம் மட்டும் நாகரிகம் கருதிச் சாலையிலேயே நிற்க வேண்டும் என்றால், தோட்டத்தைப் பற்றிப் பேசும் பொறுப்பு முழுவதும் விளம்பரப் பலகைகளுக்குப் போய்விடும்.

நேரமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. தோட்டத்து மேற்பார்வையாளர்களான கங்காணிகள் வழியே இந்தியாவில் ஆள் சேர்ப்பது 1938-இல் இந்திய அரசின் தடையோடு முடிந்தது. அப்படி வந்தவர்களில் இன்று அநேகமாக யாரும் இல்லை. அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகள்தாம் எழுபது, எண்பது வயதில் நம்மிடையே இருக்கிறார்கள். வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக் களத்தில் விடியுமுன் பெயர் வாசித்ததையும், கொழுந்தைத் தராசில் நிறுத்தபோது நடந்த பேச்சையும், மலைக்குளிரில் பிள்ளைக் கொட்டகையில் குழந்தையை விட்டுவிட்டுச் சரிவில் ஏறியதையும் சொல்லக் கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. கையால் கொழுந்து கிள்ளிய காலமும் போய்விட்டது. கத்தரியும், இருவர் பிடித்து நடக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. என் பிள்ளைகள் சரிவில் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, தேயிலை எப்போதும் இப்படித்தான் பறிக்கப்பட்டது என்று நினைப்பார்கள்.

ஜெரஜாக் தீவைப் பாலத்திலிருந்து காட்டலாம் என்கிறீர்கள், நல்ல யோசனை. ஆனால் அங்கே தொடங்கிய கதை இந்த மலையில் எப்படி முடிந்தது என்பதை மலையில்தான் காட்ட முடியும்.

ஜெலுத்தோங் ஆசிரியர் எழுதியது:

பணி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன் என்பதால் இந்த உரையாடலில் சேர்ந்துகொள்கிறேன். செந்தூல்வாசி தம்பியின் அக்கறை மதிப்புக்குரியது. ஆனால் "நம் மக்களின் உழைப்பால் உருவான இடம்" என்ற அவருடைய அடிப்படையையே கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

கேமரன் வருவதற்கு முன்பும் அந்த மலையில் மக்கள் இருந்தார்கள். செமாய் பூர்வகுடியினர் இன்றும் தாப்பா சாலையோரத்திலும் ரிங்லெட், பெர்த்தாம் பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலும் வாழ்கிறார்கள். மலாயாவின் தோட்டங்களில் காடு வெட்டும் வேலை பல இடங்களில் சீன, மலாய் ஒப்பந்தக்காரர்களிடமும் பூர்வகுடியினரிடமும் விடப்பட்டது. அதன் பிறகுதான் நம்மவர்கள் கன்று நடுவதற்கும் பராமரிப்பதற்கும் கொழுந்து கிள்ளுவதற்கும் வந்தார்கள். நம் உழைப்பு பெரியது, அதை மறைத்தது அநீதி. அந்த அநீதியைத் திருத்தும்போது நாமும் இன்னொருவரைக் கதையிலிருந்து நீக்கிவிடக் கூடாது. தானா ராத்தாவில் எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் தவறாமல் சொல்லும் செய்தி, தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ் பெற்ற அமெரிக்கரான ஜிம் தாம்ப்சன் 1967-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் மூன்லைட் காட்டேஜ் என்ற மாளிகையிலிருந்து உலாவப் போய்க் காணாமல் போனது. அவரைத் தேடிக் காட்டுக்குள் போனவர்களில் தடம் அறிந்த பூர்வகுடியினரும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி அதே வழிகாட்டிகள் எதுவும் சொல்வதில்லை.

இந்த மலையின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சிறந்த இடம் எதுவென்று என்னைக் கேட்டால், ரிங்லெட்டுக்கு மேலே சாலையை ஒட்டிக் கிடக்கும் ஏரியைத்தான் சொல்வேன். பெரும்பாலானோர் வண்டியை நிறுத்தாமல் கடந்துவிடுகிறார்கள். அது இயற்கை ஏரியன்று, 1963-இல் முடிந்த சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கம். மீரா விவரித்த பாசிக் காடுகளில் சொட்டிய தண்ணீர்தான் பெர்த்தாம், தெலோம் ஆறுகளாக வருகிறது. இயல்பாக அந்த ஆறுகள் கிழக்கே ஓடிப் பகாங் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலுக்குப் போக வேண்டியவை. தெலோமின் நீரைச் சுரங்கம் வழியே பெர்த்தாமுக்குத் திருப்பி, அணையில் தேக்கி, அங்கிருந்து மற்றொரு சுரங்கத்தால் மலையைக் குடைந்து மேற்கே பேராக் பக்கத்திலுள்ள ஜோர் மின்நிலையத்துக்கு இறக்குகிறார்கள். ஒரு மலைத்தொடரின் தண்ணீரைக் கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடலுக்கு மாற்றிய வேலை அது. மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த புவியியல் பாடம் அந்த மலையில் இல்லை.

அந்த ஏரியின் நிறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல மழைக்குப் பிறகு அது செம்மண் நிறமாக இருக்கும். மேலே சரிவுகளை வெட்டித் திருத்திய மண் ஆற்றோடு வந்து அணைக்குள் படிந்துகொண்டே இருக்கிறது, அதை வாரி எடுப்பது ஓயாத வேலையாகிவிட்டது. மண் படிந்த அணையில் நீர் நிற்க இடம் குறையும், பெருமழையில் மதகைத் திறந்தாக வேண்டும். 2013 அக்டோபரில் அப்படி நள்ளிரவில் திறந்துவிட்ட தண்ணீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. கதிர் தம்பி சொல்லும் ஸ்ட்ராபெரிப் பண்ணைக்கும் இந்த ஏரிக்கும் தொடர்பு உண்டு. கம்போங் ராஜாவிலிருந்து கியா ஃபார்ம் வரை மலைச்சரிவை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூரைகளில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காமல் ஒரேயடியாக ஓடைக்குப் போகிறது. பிள்ளைகள் பழம் பறிக்கட்டும், நான் தடுக்கவில்லை. அதற்கு முன் ஏரியைப் பார்த்துவிடட்டும்.

கதிர், பிரிக்பீல்ட்ஸ், எழுதியது:

ஆசிரியர் ஐயா, அணையைப் பற்றி நீங்கள் எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். ஆனால் பழியைப் பண்ணைக்காரர்கள் மேல் இறக்குவதை ஏற்க மாட்டேன். அங்கே காய்கறி பயிரிடுகிறவர்களில் பலருக்கு நிலம் சொந்தமில்லை. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில் நெடுங்காலம் வேலை செய்து வந்தவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு இந்த நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர், சரிவில் தடுப்புச் சுவர் கட்டவும் வடிகால் போடவும் எப்படிப் பணத்தை இறக்குவார்? அடுக்குமாடி விடுதிகளுக்காகவும் மலையை வெட்டியிருக்கிறார்கள், அந்த விடுதியில் தங்கப் போவது நாம். கோலாலம்பூர்ச் சந்தையில் நாம் வாங்கும் முட்டைக்கோசும் தக்காளியும் அந்தப் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே விளைந்தவை. ஏரியைக் காட்டும்போது இந்தப் பாதியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரே மாதிரியான பண்ணைகளில் நாள் முழுவதும் ஏறி இறங்குவது எனக்கும் வேண்டாம். அரும்பொருளகத்தை ஒட்டிய ஒரு பண்ணை போதும். தேனீயையும் கள்ளிச்செடியையும் விட்டுவிடலாம். காட்டுக்குப் போக முடியாத பெரியவர்கள் அந்த நேரத்தில் தானா ராத்தாவிலேயே இருக்கட்டும், நான் அவர்களோடு இருக்கிறேன்.

மீரா, ஆயர் ஈத்தாம், எழுதியது:

செந்தூல்வாசி ஐயா கேட்டது நியாயமான கேள்வி. நாம் விலகி நின்றால் விளம்பரப் பலகைதான் பேசும் என்கிறார். நான் விலகி நிற்கச் சொல்லவில்லை. யாரைச் சந்திக்கிறோம், எங்கே சந்திக்கிறோம் என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும் என்கிறேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களில் மிகப் பலர் இன்று தோட்டத்தில் இல்லை. ஈப்போவிலும் தாப்பாவிலும் கோலாலம்பூரிலும் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். என் அம்மா பினாங்கில் இருக்கிறார். உங்கள் பேருந்தில் வரவிருக்கும் முதியவர்களிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். ரஜூலா கப்பலில் வந்த தாயின் மடியில் இருந்தவர், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர், தோட்டத்து எழுத்தரான கிராணியின் வீட்டில் வேலை செய்தவர் என்று யாராவது அங்கேயே கிடைப்பார்கள். அவரைச் சரிவின் எதிரில் உட்கார வைத்துப் பேசச் சொன்னால், பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். பிறருடைய வாசலில் அந்நியர் ஒருவரைக் கேட்பதைவிட அது ஆழமாகப் பதியும்.

கோயில் வேறு. அது வருகிறவர்களுக்காகத் திறந்திருப்பது. பிரிஞ்சாங் முருகன் கோயிலுக்கும் தோட்டத்துக் கோயில்களுக்கும் திருவிழாக் காலத்தில் ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வருகிறார்கள். முன்கூட்டியே கோயில் பொறுப்பாளர்களிடம் பேசி, ஒரு வேளை அன்னதானத்துக்கு உங்கள் வட்டம் பொறுப்பேற்றுக்கொண்டு, பேச விரும்பும் ஊர்ப் பெரியவர்களை அங்கே அழைத்தால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. தமிழ்ப்பள்ளி விடுமுறையில் பூட்டியிருக்கும், அதை வெளியிலிருந்து காட்டிப் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொன்னால் போதும். லயத்துக்கு மட்டும் வேண்டாம்.

காட்டுக்கு வருவோம். கதிர் சொன்னது போல் பெரிய பேருந்து ஏற முடியாது என்பதே நமக்கு நல்ல வாய்ப்பு. லேண்ட் ரோவரில் சிறு சிறு குழுக்களாகப் போய், ஒரு குழு இறங்கிய பிறகு அடுத்த குழு ஏறட்டும். காத்திருக்கும் குழு சுங்கை பாலாஸ் ஆலையைப் பார்க்கலாம். கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றில் நிறம் மாறவிட்டு, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் அங்கே வரிசையாகக் காணலாம், அந்த மணமே பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும். மேலே போகிறவர்களிடம் மூன்று செய்திகளைச் சொல்லி அனுப்புங்கள். பலகையை விட்டு இறங்கக் கூடாது, பாசியைத் தொட்டு அழுத்திப் பார்க்கக் கூடாது, குடுவைச் செடியைக் கிள்ளக் கூடாது.

செந்தூல்வாசி எழுதியது:

கோயில் வளாகத்தில் சந்திப்பு, அன்னதானம், நம் முதியவர்களையே பேச வைப்பது ஆகிய மூன்றையும் முழு மனத்தோடு ஏற்கிறேன். மீரா அவர்களுடைய தாயாரும் வர இசைந்தால் எங்களுக்குப் பெருமை. காட்டுக்குக் குழுக்களாகப் போவதையும், ஒரே ஒரு ஸ்ட்ராபெரிப் பண்ணையையும் நிரலில் எழுதிவிட்டேன். ஆசிரியர் ஐயா சொன்ன ஏரி முதல் நாளின் முதல் நிறுத்தம்.

சாலையைப் பற்றி மட்டும் கதிர் தம்பியோடு ஒத்துப்போக முடியவில்லை. சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால் முதலில் கண்ணில் படுவது பிளாஸ்டிக் கூரைகளும் சந்தையும்தான், ஏரியும் தேயிலையும் அலுத்துப்போன பிறகுதான் வரும். தாப்பா வழியில் லாத்தா இஸ்கந்தர் அருவி சாலையோரத்திலேயே விழுகிறது, குமட்டல் வருகிற பிள்ளைகளை அங்கே இறக்கி நடக்க விடலாம். அதன் பிறகு காடு, ரிங்லெட், அணை, தேயிலை என்று மலை எந்த ஒழுங்கில் மாறியதோ அந்த ஒழுங்கிலேயே பார்த்துக்கொண்டு ஏறலாம். இறங்கும்போது சிம்பாங் பூலாய் வழியாக இறங்குவோம்.

லயத்தைப் பற்றிய என் கருத்தை முழுமையாக விட்டுவிட முடியவில்லை. உள்ளே போக வேண்டாம், சரி. ஆனால் சுங்கை பாலாஸ் போகும் வழியில் குடியிருப்பு சாலையிலிருந்தே தெரிகிறது. அங்கே வண்டியைச் சற்று நிறுத்தி, "உங்கள் கொள்ளுப்பாட்டி இப்படி ஒரு வரிசை வீட்டில்தான் வாழ்ந்தார்" என்று பிள்ளைகளிடம் சொல்வதில் யாருக்கு என்ன தீங்கு?

ஜெலுத்தோங் ஆசிரியர் எழுதியது:

தாப்பா வழியே சரி. அருவிப் பக்கத்திலும் அதற்கு மேலேயும் செமாய் மக்கள் சிறு கொட்டகைகளில் பெத்தாய் என்ற காட்டு அவரை, மூங்கில் குருத்து, காட்டுத் தேன் விற்பார்கள். வாங்க வேண்டியதை வாங்குங்கள், விலையைக் குறைத்துக் கேட்க வேண்டாம். அவர்களைப் படம் எடுப்பதற்கும் மீரா லயத்துக்குச் சொன்ன விதியே பொருந்தும். பிற்பகலில் மலையில் மழை இறங்குவது வழக்கம், அதனால் விடியுமுன் கோலாலம்பூரை விட்டுப் புறப்படுங்கள். மறுநாள் மூடுபனி மிகுதியாலோ பராமரிப்புக்காகவோ பாசிக் காட்டை மூடியிருந்தால், தானா ராத்தாவிலிருந்து நடந்து போகும் தொலைவிலேயே பாரிட் அருவி இருக்கிறது. நகரைச் சுற்றிக் காட்டுக்குள் போகும் பாதைகளுக்கு எண் இட்டிருக்கிறார்கள், நடக்கக் கூடிய இளையவர்கள் ராபின்சன் அருவிப் பாதையில் ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டு போகலாம்.

மீரா, ஆயர் ஈத்தாம், எழுதியது:

அம்மாவிடம் கேட்டேன். வருகிறேன் என்கிறார், பட்டர்வொர்த்திலிருந்து தாப்பா வரை நான் அழைத்து வந்து உங்கள் பேருந்தில் சேர்ந்துகொள்கிறோம்.

செந்தூல்வாசி ஐயா கேட்ட கடைசிக் கேள்வியையும் அவரிடமே வைத்தேன். வண்டி போகிற போக்கில் பிள்ளைகளிடம் சொல்லட்டும், நிறுத்த வேண்டாம் என்றார். நிறுத்தினால் உள்ளே இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், பேருந்தில் இருப்பவர்களும் எட்டிப் பார்ப்பார்கள், அந்தப் பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை. என் நிலையும் அதுவே. சுங்கை பாலாஸில் நீங்கள் வண்டியை நிறுத்தினால் நாங்கள் இருவரும் அந்த நேரத்தில் கீழே ஆலையில் இருப்போம்.